இரு மாளிகைகளும் ஒரு கட்டடக் கலைஞரும்

காலடிப்பேட்டையிலிருந்து தண்டையார்ப்பேட்டை, இராயபுரம் வழியாகத் தெற்கே செல்வோர், துறைமுகத்தை நோக்கி இராஜாஜி சாலையில் செந்நிறத்தில் எழுந்து நிற்கும் தலைமை அஞ்சல் நிலையத்தைக் காணாது கடத்தல் அரிது. வடசென்னைத் தொழிலாளர் எத்தனையோ பேர் ஊருக்குப் பணவிடை அனுப்ப அதன் படிகளில் ஏறியிருப்பர். 1884இல் திறக்கப்பட்ட அக்கட்டடத்தை வரைந்தவர் இராபர்ட் ஃபெலோஸ் சிஷோம் என்னும் ஆங்கிலேயர் என்பதை அறிந்தோர் மிகச் சிலரே. இசுலாமியச் சமுதாயத்தினராகிய நாம் அவரை அறிந்துகொள்ள வேண்டியதற்கு வேறொரு காரணமும் உண்டு.

1840இல் பிறந்த சிஷோம் இளமையிலேயே இந்தியா வந்து, வங்காளத்தில் பொதுப்பணித் துறையில் பணியாற்றினார். சென்னை மாநிலக் கல்லூரிக்கான வடிவமைப்புப் போட்டியில் வென்று 1865ஆம் ஆண்டளவில் இங்கு வந்து சேர்ந்தார். 1870இல் நிறைவுற்ற அக்கல்லூரி இத்தாலியப் பாங்கினது. அதுவரை அவர் கற்றறிந்தது ஐரோப்பிய முறையே.

அக்காலத்தில் சென்னை ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு, இந்திய மரபை, அதிலும் முசுலிம் கட்டடக் கலையை, அரசுக் கட்டடங்களுக்கு உரியதெனக் கருதியவர். அவர் ஆதரவில் மதுரைத் திருமலை நாயக்கர் மகாலைச் செப்பனிடும் பணியில் சிஷோம் ஈடுபட்டார். அங்குள்ள பெருந்தூண்களும் வளைவுகளும் குவிமாடங்களும் அவருடைய பிற்காலப் படைப்புகளில் வேறுவேறு உருவில் வெளிப்படுவதைக் காண்கிறோம்.

இனிச் சேப்பாக்கத்திற்கு வருவோம். ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜா 1768இல் எழுப்பிய அரண்மனை, கலசு மகால், உமாயூன் மகால் என இரு பகுதிகளை உடையது. 1855இல் நவாப் குலாம் கௌசு கான் வாரிசின்றி மறைந்ததும் ஆங்கிலேயர் நவாப் பட்டத்தையே ஒழித்தனர். பின்னர்க் கடனைக் காரணம் காட்டி அரண்மனை ஏலத்திற்கு வந்தது. அதனை எடுத்ததும் அரசே! வருவாய் வாரியத்திற்கென அம்மாளிகையைத் திருத்தும் பணி சிஷோமிடம் வந்தது. இரு மகால்களுக்கும் இடையே உயர்ந்த கோபுரமொன்றை அவர் எழுப்பினார். பழையது எது, புதியது எது எனப் பார்ப்போர் மயங்குமாறு அமைந்தது அவர் திறமை. ஆயினும் ஆட்சியைப் பறித்தவர்கள் அந்த ஆட்சியாளரின் கலைப் பாணியைத் தமதாக்கிக்கொண்ட விந்தையை எண்ணாமல் அக்கோபுரத்தை நோக்க நம்மால் இயலவில்லை.

நவாபின் குடும்பத்தினர் அரண்மனையை இழந்து திருவல்லிக்கேணி நெடுஞ்சாலையில் வாழ்ந்தனர். 1867இல் ஆர்க்காட்டு இளவரசர் என்னும் பட்டம் வழங்கப்பட்டபின், இராயப்பேட்டையில் 1798இல் கட்டப்பட்டிருந்த பழைய அலுவலகக் கட்டடம் அவர்களுக்கென ஒதுக்கப்பட்டது. அதனை மாளிகையாக மாற்றும் பொறுப்பு எவரிடம் சென்றது? அதே சிஷோமிடந்தான். 1876இல் இளவரசர் குடும்பம் அங்குக் குடிபுகுந்தது. அதுவே அமீர் மகால். இழந்த வீட்டை மாற்றியமைத்த கையே கிடைத்த வீட்டையும் அமைத்துக் கொடுத்தது. இதற்காகச் சிஷோமைக் குறை கூறுவதா, நன்றி பாராட்டுவதா என்று நாம் நெடுநேரம் விவாதித்ததுண்டு. அவர் அரசின் ஊழியர். முடிவுகள் அவருடையவை அல்ல. எனினும் தாம் தொட்ட மரபை அவர் இழிவாக எண்ணியவரல்லர் என்பதற்கு அவர் கட்டடங்களே சான்று.

1879இல் முடிவுற்ற பல்கலைக்கழகச் செனட் மண்டபம் அவருடைய புகழின் உச்சி எனலாம். திருவனந்தபுரம் நேப்பியர் அருங்காட்சியகத்தில் மலையாள நாட்டுக் கூரைகளைக் கையாண்டார்; அந்தச் சாயல் நம் அஞ்சல் நிலையத்திலும் உண்டு. சென்னைக் கலைத் தொழிற் பள்ளிக்கும் சில ஆண்டுகள் தலைமை தாங்கினார். இத்தனை கட்டடங்களிலும் செங்கல் அடுக்கிச் சுதை பூசிய நம் நாட்டுக் கொத்தனார்கள் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லாதது நம்மை வருத்துகிறது.

பின்னர்ப் பரோடா சென்று, மேஜர் மாண்ட் தொடங்கி முடிக்காமல் மறைந்த இலட்சுமி விலாசு அரண்மனையை நிறைவு செய்தார். முதுமையில் இங்கிலாந்து திரும்பி 1915இல் அங்கேயே காலமானார்.

2012இல் கலசு மகால் தீக்கிரையாகி ஒரு தீயணைப்பு வீரர் உயிர் நீத்தார். பின்னர் அது பழைய வடிவிலேயே புதுப்பிக்கப்பட்டது. மாணவர்கள் காலடிப்பேட்டையில் மெட்ரோ தொடர்வண்டி ஏறி, அரசினர் தோட்டத்தில் இறங்கினால், வாலாஜா சாலை வழியே நடந்தே அங்குச் செல்லலாம். இரு மகால்களையும் அவற்றினிடையே நிற்கும் சிஷோமின் கோபுரத்தையும் ஒருசேரக் காணலாம்.