பேலா குட்மன் கேட்ட கூலி

ஒரு பெரிய உதைபந்தாட்டக் கழகம் முகாமையாளரை மாற்றப் போகிறது என்றால் எங்கள் வீடுகளிலும் அமைதி இருக்காது. மாமாவுக்கு ஒருவரைப் பிடிக்கும், மருமகனுக்கு இன்னொருவரை. பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளை தொலைபேசியில் புள்ளிவிபரம் காட்டும். கேள்விகள் மட்டும் எப்போதும் ஒன்றுதான். முந்தைய கழகத்தில் என்ன வென்றார்? ஏன் அங்கே நிலைக்கவில்லை? எங்களுடைய எதிரிக் கழகத்தில் இருந்தவரா? பழைய வீரர்களை வைத்திருப்பாரா, வெட்டுவாரா? எத்தனை வருடம் நிற்பார்? கடைசியில் யாராவது ஒருவர், அந்த ஆள் காசுக்காகத்தான் வருகிறார் என்று சொல்லிப் பேச்சை முடித்து வைப்பார்.

இந்தக் கேள்விகள் அத்தனையையும் ஒருசேரச் சுமந்த மனிதர் பேலா குட்மன். 1981இல் வியன்னாவில் காலமானவர். இன்றைய இளம் இரசிகர்கள் அவரை ஒரு சாபத்தை வைத்துத்தான் அறிந்திருக்கிறார்கள். போர்த்துக்கல்லின் பென்பிகா கழகத்துக்கு இரண்டு ஐரோப்பியக் கிண்ணங்களை வென்று கொடுத்தார், கூடுதல் பணம் கேட்டார், கழகம் மறுத்தது, இன்னும் நூறு வருடத்துக்கு நீங்கள் ஐரோப்பாவை வெல்லமாட்டீர்கள் என்று சபித்துவிட்டுப் போனார் என்பது கதை. நான் கணக்காளன். சாபத்தை அளக்க என்னிடம் கோல் இல்லை. ஆனால் அந்தக் கதைக்குள் ஒரு சம்பளப் பிணக்கு இருக்கிறது. அதை விளங்கிக்கொள்ள அவருடைய வாழ்க்கையை முதலிலிருந்து பார்க்கவேண்டும்.

குட்மன் 1899இல் புடாபெஸ்ட் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். பெற்றோர் நடன ஆசிரியர்கள். மகனும் அதே தொழிலைக் கற்றார். ஆனால் கால் பந்தைத் தேடிப்போனது. எம்.ரி.கே. கழகத்தில் நடுக்கள வீரராகப் பெயரெடுத்தார். முதலாம் உலகப்போருக்குப் பின் ஹங்கேரியில் யூதர்களுக்கு எதிரான வன்முறை கூடியபோது, 1920களின் தொடக்கத்தில் வியன்னாவுக்குப் போய், யூதர்களின் கழகமான ஹகோவாவில் சேர்ந்தார். அந்தக் கழகம் 1925இல் ஒஸ்திரியாவின் சம்பியன் ஆனது.

அவருடைய குணத்தைக் காட்டும் சம்பவம் ஒன்று 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் நடந்தது. ஹங்கேரி அணியோடு வந்த அதிகாரிகள் தங்கள் உல்லாசத்துக்கு வசதியான விடுதி ஒன்றில் வீரர்களையும் தங்கவைத்தார்கள். இரவில் தூக்கமில்லை, எலித்தொல்லை வேறு. குட்மன் செத்த எலிகளைப் பிடித்து அதிகாரிகளின் அறைக் கதவுகளில் தொங்கவிட்டார். அணியோ எகிப்திடம் 3-0 என்று தோற்றது. அதன் பிறகு அவர் தேசிய அணிக்கு ஆடவேயில்லை. அதிகாரத்தில் இருப்பவர்களோடு அவர் நடத்திய முதல் பேச்சுவார்த்தை அதுதான் என்று சொல்லலாம்.

1926இல் ஹகோவா அமெரிக்காவுக்குச் சுற்றுப்பயணம் போனது. நியூயோர்க்கில் நடந்த ஒரு போட்டிக்கு 46,000 பேர் வந்தார்கள். குட்மன் உட்படப் பல வீரர்கள் அங்கேயே தங்கிவிட்டார்கள். சம்பளம் நல்லது. சேமிப்பைப் பங்குகளில் போட்டார். 1929இல் பங்குச்சந்தை விழுந்தபோது அந்தச் சேமிப்பும் போனது. முப்பது வயதுக்குள் நாட்டையும், பிறகு கைப்பணத்தையும் இழந்த மனிதர் 1930களில் வியன்னாவுக்குத் திரும்பி, பயிற்றுவிப்பைத் தொழிலாக்கினார்.

1938இல் நாசிகள் ஒஸ்திரியாவை விழுங்கினார்கள். ஹகோவா கலைக்கப்பட்டது. குட்மன் புடாபெஸ்ட் திரும்பி உய்பெஸ்ட் கழகத்தைப் பொறுப்பேற்றார். ஒரே பருவத்தில் ஹங்கேரியின் சம்பியன் பட்டமும், மத்திய ஐரோப்பாவின் பெரிய சுற்றான மித்ரோபா கிண்ணமும் வந்தன. ஆனால் யூதர்களுக்கு எதிரான சட்டங்கள் அவரை வேலையிலிருந்து வெளியேற்றின. ஒரு பருவத்தில் இரண்டு கிண்ணம் வென்றவருக்கு அடுத்த பருவத்தில் வேலை இல்லை.

1944இல் ஜேர்மனியர் ஹங்கேரிக்குள் நுழைந்தபின் அவர் ஒரு கூரை அறையில் ஒளிந்திருந்தார். பிறகு கட்டாய உழைப்பு முகாமில் அடைக்கப்பட்டார். அங்கிருந்து வேறு சிலரோடு தப்பினார். அவர்களில் ஒருவர் ஏர்னோ எர்ப்ஸ்டைன். இத்தாலியின் டொரினோ அணியைப் பெரிய அணியாக்கி, 1949 விமான விபத்தில் அந்த அணியோடேயே மாண்டவர். குட்மனின் தந்தை, சகோதரி உட்பட உறவினர்கள் நாசிகளால் கொல்லப்பட்டார்கள். இதைப்பற்றி அவர் பின்னாளில் வெளியே பேசியது மிகக் குறைவு. போர்க்காலத்தில் அவர் எங்கே இருந்தார் என்பதே உலகத்துக்கு நெடுநாள் சரியாகத் தெரியாது. பேசாமல் இருந்த பெரியவர்களோடு வளர்ந்தவர்கள் நாங்கள். அந்த மௌனம் எங்களுக்கு விளங்கும்.

போர் முடிந்ததும் ஹங்கேரியில் பணம் செத்தது. 1946இல் அந்த நாடு கண்ட பணவீக்கம் உலக வரலாற்றிலேயே மோசமானது. காலையில் வாங்கிய சம்பளம் மாலையில் பாண் வாங்கக் காணாது. அப்போது ருமேனியாவில் ஒரு கழகத்துக்குப் பயிற்றுவிக்கப் போன குட்மன் சம்பளத்தை உணவுப்பொருளாகத் தரும்படி கேட்டார் என்பார்கள். சிரிக்க இதில் ஒன்றுமில்லை. தாள் மதிப்பிழந்த காலத்தில் மரக்கறிதான் நிலையான நாணயம். நெல்லைக் கூலியாக வாங்கிய எங்கள் பாட்டன்மாருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பிறகு புடாபெஸ்டின் கிஸ்பெஸ்ட் கழகம். அங்கே இளம் நட்சத்திரம் பெரெங்க் புஸ்காஸ். 1948இல் ஒரு போட்டியின் இடைவேளையில், முரட்டுத்தனமாக ஆடிய ஒரு வீரரை மறுபடி களமிறங்க வேண்டாம் என்றார் குட்மன். மாற்று வீரரை இறக்க முடியாத காலம் அது. பத்துப்பேரோடு ஆடினாலும் பரவாயில்லை என்பது அவர் முடிவு. புஸ்காஸ் அந்த வீரரைப் போய் ஆடச் சொன்னார். வீரரும் போனார். குட்மன் பார்வையாளர் பகுதியில் போயமர்ந்து குதிரைப்பந்தயப் பத்திரிகை படித்தார். அத்தோடு அந்தக் கழகத்தை விட்டு விலகினார்.

இத்தாலிக்குப் போனார். 1955இல் ஏ.சி. மிலான் பட்டியலில் முதலிடத்தில் இருந்தபோதே அவரைப் பதவி நீக்கினார்கள். அந்தப் பருவம் மிலானே சம்பியன் ஆனது, ஆனால் கிண்ணத்தைத் தூக்கும்போது குட்மன் அங்கே இல்லை. அதன்பின் அவர் கையெழுத்திட்ட ஒப்பந்தங்களில், அணி முதலிடத்தில் இருக்கும்போது என்னை நீக்கமுடியாது என்ற ஒரு சரத்தை வலியுறுத்திச் சேர்த்தார் என்று சொல்லப்படுகிறது. இதை ஆணவம் என்று எழுதியவர்கள் உண்டு. வாய்வார்த்தையை நம்பி ஒருமுறை அடிபட்டவன் அடுத்தமுறை எழுத்தில் கேட்பான். அவ்வளவுதான்.

1956 ஹங்கேரிய எழுச்சி நசுக்கப்பட்டபோது, புஸ்காஸின் அணி நாட்டுக்கு வெளியே இருந்தது. நாடு திரும்பும் உத்தரவை மீறி 1957 தொடக்கத்தில் அந்த அணி பிரேசிலுக்குப் போய் ஆடியது. குட்மன் அவர்களோடு போனார். பழைய கோபம் பெரிதாகத் தெரியவில்லை போலும். சுற்றுப்பயணம் முடிந்ததும் சாவோ பாவ்லோ கழகத்தில் சேர்ந்து, அதே வருடம் மாநிலச் சம்பியன் பட்டத்தை வென்றார்.

1958இல் போர்த்துக்கல்லின் போர்ட்டோ கழகம். அந்தப் பருவ முடிவில் போர்ட்டோவும் பென்பிகாவும் புள்ளிகளில் சமம். கோல் கணக்கில் நூலிழையில் போர்ட்டோவுக்குப் பட்டம். அடுத்து நடந்ததுதான் வேடிக்கை. பட்டத்தைப் பறிகொடுத்த பென்பிகா, பறித்தவரையே தன் பயிற்றுநராக நியமித்தது. வந்தவுடன் அவர் சுமார் இருபது மூத்த வீரர்களை அனுப்பிவிட்டு இளையவர்களை மேலே கொண்டுவந்தார். இன்றைக்கு ஒரு கழகம் இப்படிச் செய்தால் எங்கள் வரவேற்பறைகளில் என்ன பேச்சு நடக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

பதில் களத்தில் வந்தது. 1960இலும் 1961இலும் போர்த்துக்கல் பட்டம். ஐரோப்பியக் கிண்ணத்தின் முதல் ஐந்து வருடங்களும் ரியல் மாட்ரிட்டுக்கே போயிருந்தன. 1961 மே 31இல் பேர்ண் நகரில் பென்பிகா பார்சிலோனாவை 3-2 என வென்று அந்த வரிசையை உடைத்தது. அன்று பார்சிலோனா அணியில் குபாலா, கோசிஸ், சிபோர் என மூன்று ஹங்கேரியர்கள் ஆடினார்கள். மூவரும் நாட்டை விட்டு வந்தவர்கள். எதிர்ப்பக்கம் பயிற்றுநராக நின்றவரும் அப்படியே. கோசிஸும் சிபோரும் 1954 உலகக்கிண்ண இறுதிப்போட்டியில் இதே மைதானத்தில் இதே 3-2 கணக்கில் தோற்றவர்கள். 1961இல் இருவரும் ஆளுக்கொரு கோல் அடித்தார்கள், அன்றும் தோற்றார்கள்.

இதற்கிடையே போர்த்துக்கல்லின் ஆட்சியில் இருந்த மொசாம்பிக்கிலிருந்து யூசேபியோ என்ற இளைஞனைப் பென்பிகா கொண்டுவந்திருந்தது. அவன் ஆடியது ஸ்போர்ட்டிங் கழகத்தின் கிளையில் என்பதால் இரு கழகங்களுக்கும் பல மாதம் வழக்கு. 1962 மே 2இல் அம்ஸ்ரர்டாமில் ரியல் மாட்ரிட்டுக்கு எதிரான இறுதிப்போட்டி. மாட்ரிட்டுக்காக மூன்று கோல் அடித்தவர், கிஸ்பெஸ்டில் குட்மனை மீறிய அதே புஸ்காஸ். அவரும் இப்போது அகதி. இடைவேளையில் பென்பிகா 3-2 எனப் பின்தங்கியிருந்தது. முடிவில் 5-3 என வென்றது. கடைசி இரண்டு கோல்களும் யூசேபியோவுடையவை.

அதன் பிறகுதான் குட்மன் கூடுதல் பணம் கேட்டார். நிர்வாகம் மறுத்தது. அவர் விலகி உருகுவேயின் பெனரோல் கழகத்துக்குப் போனார். கூட்டம் நடந்த அறையில் அவர் என்ன சொன்னார் என்பதில் பல கதைகள் உண்டு. நடந்தது மட்டும் சந்தேகத்துக்கு இடமில்லாதது: அதன்பின் பென்பிகா எட்டு ஐரோப்பிய இறுதிப்போட்டிகளில் தோற்றது. 1963, 1965, 1968, 1983, 1988, 1990, 2013, 2014. 1990 இறுதிப்போட்டி வியன்னாவில் நடந்தபோது, யூசேபியோ குட்மனின் கல்லறைக்குப் போய்ப் பிரார்த்தித்தார் என்பார்கள். அன்றும் பென்பிகா மிலானிடம் 1-0 எனத் தோற்றது.

ஆனால் சாபக்கதை சொல்பவர்கள் ஒரு வருடத்தை விட்டுவிடுவார்கள். 1965இல் பென்பிகா குட்மனையே திரும்ப அழைத்தது. அவரும் வந்தார். ஐரோப்பியக் கிண்ணக் காலிறுதியில் மான்செஸ்டர் யுனைட்டட்டிடம் லிஸ்பனிலேயே 5-1 எனத் தோற்றார்கள். உள்நாட்டுப் பட்டமும் கிடைக்கவில்லை. சபித்தவரே வந்தும் சாபம் தீரவில்லை என்றால், அங்கே சாபம் இருந்ததா?

என் தொழில்முறையில் ஒன்று சொல்கிறேன். இன்றைய கணக்கியல் விதிப்படி, விலை கொடுத்து வாங்கிய வீரரின் பதிவுரிமை கழகத்தின் ஐந்தொகையில் சொத்தாக ஏறும். பயிற்றுநரின் அறிவு ஏறாது. அவருடைய சம்பளம் செலவுப் பக்கத்தில் மட்டும் தெரியும். அதனால் அவர் கொண்டுவந்தது கண்ணுக்குத் தெரியாது, அவர் கேட்பது மட்டும் உறுத்தும். இரண்டு ஐரோப்பியக் கிண்ணம் வென்றவர் அதில் பங்கு கேட்டது ஒரு வணிகப் பேச்சு. கழகத்துக்கு மறுக்க உரிமை இருந்தது, அவருக்குப் போக உரிமை இருந்தது. ஆனால் அந்த மறுப்பு சரியான முடிவா என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை. அதைவிடச் சாபம் என்று சொல்வது இலகு. சாபத்துக்கு நிர்வாகம் பொறுப்பில்லை.

குட்மன் பேராசைக்காரர் என்ற பெயர் இன்றும் உண்டு. யூதர் ஒருவர் பணம் கேட்டால் உடனே ஒட்டப்படும் பழைய முத்திரையும் அதில் சேர்ந்தது. அவரிடம் குறை இல்லை என்று நான் சொல்லவில்லை. கோபக்காரர், ஓரிடத்தில் தங்காதவர். பத்துக்கும் மேற்பட்ட நாடுகளில் வேலை பார்த்தார். மூன்றாவது வருடம் பயிற்றுநருக்கு ஆபத்து என்பது அவர் கொள்கை. ஆனால் வீடு, நாடு, சேமிப்பு, குடும்பம் எல்லாவற்றையும் முறைமுறையாக இழந்த ஒருவர், நன்றி சொல்லிக்கொண்டு கொடுத்ததை வாங்குவார் என்று எதிர்பார்த்தது யார் தவறு?

வரிக்காலத்தில் என் மேசைக்கு எங்கள் சனத்தின் சம்பளத் துண்டுகள் வரும். பத்து வருடம் ஒரே இடத்தில் வேலை, மேலதிக நேரத்துக்குக் கணக்கில்லை, விடுமுறைச் சம்பளம் இல்லை. ஏன் கேட்கவில்லை என்றால் ஒரே பதில்தான். வந்த காலத்தில் வேலை தந்தவர்கள், எப்படிக் கேட்பது? இடம் தந்ததற்கு நன்றி வேறு, செய்த வேலைக்குக் கூலி வேறு. இந்த இரண்டையும் ஒரே பதிவில் எழுதினால் எந்தப் பேரேடும் சமப்படாது. குட்மன் இரண்டையும் பிரித்தே எழுதினார்.

2014இல், கழகத்தின் 110ஆவது ஆண்டில், பென்பிகா தன் மைதானத்தில் அவருக்குச் சிலை வைத்தது. இரண்டு கைகளிலும் இரண்டு ஐரோப்பியக் கிண்ணங்கள். அடுத்தமுறை உங்கள் வீட்டில் புதிய முகாமையாளரைப் பற்றி வாதம் வந்து, அவர் காசுக்காக வருகிறார் என்று யாராவது முடித்துவைக்கப் பார்த்தால், பிள்ளைகளுக்கு இந்த மனிதரின் கதையைச் சொல்லுங்கள். அப்படியே அவர்களுடைய சொந்த வேலை ஒப்பந்தத்தை எப்போது கடைசியாக வாசித்தார்கள் என்றும் கேளுங்கள்.