உதவித்தொகை வரும்வரை: இராமானுஜன் காத்திருந்த எட்டு ஆண்டுகள்

2021 நவம்பர் 23ஆம் திகதி காலை குறிஞ்சாக்கேணிக் களப்பில் படகுப்பாதை கவிழ்ந்தது. அதில் பாடசாலைக்குப் போய்க்கொண்டிருந்த பிள்ளைகளும் இருந்தார்கள். அவர்களில் சிலர் வீடு திரும்பவில்லை. புதிய பாலத்தின் வேலை அப்போது தொடங்கியிருந்தது, முடிந்திருக்கவில்லை. பாலம் என்றோ ஒருநாள் வரும். பிள்ளைகளோ அன்று காலையே அக்கரைக்குப் போக வேண்டியிருந்தது.

கிண்ணியா, மூதூர் பக்கங்களிலிருந்து பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகும் மாணவர்களின் பணக் கஷ்டமும் ஏறக்குறைய இப்படித்தான். இலவசக் கல்வி இருக்கிறது. 1981 முதல் மகாபொல புலமைப்பரிசில் இருக்கிறது. மாதம் 5,000 ரூபாவாக இருந்த அந்தத் தொகையை 7,500 ரூபாவாக்க 2025 வரவுசெலவுத் திட்டத்தில் முன்மொழிந்தார்கள். அது கிடைக்காதவர்களுக்கு உதவுதொகை இருக்கிறது. ஆனால் விடுதிக் காசும் பஸ் காசும் சாப்பாட்டுக் காசும் முதல் நாளிலிருந்தே தேவை. உதவியோ விண்ணப்பம், வருமானச் சான்றிதழ், தெரிவுப் பட்டியல் என்று பல படி ஏறித்தான் வந்து சேரும். படிப்பை விட்டுவிட்டுக் கூலிக்கோ கடைக்கோ வெளிநாட்டுக்கோ போகிற பிள்ளைகளில் பலர் உதவி இல்லாததால் போகவில்லை. உதவி வரும்வரை தாக்குப்பிடிக்க முடியாமல் போகிறார்கள்.

இந்த இடைவெளியில் எட்டு ஆண்டுகளைக் கழித்த ஒருவரை உலகம் முழுவதும் அறியும். அவர் கணித மேதை சீனிவாச இராமானுஜன். அவருடைய மேதைமையைப் பற்றி நிறையப் பேசுகிறோம். அவர் சாப்பாட்டுக்கு என்ன செய்தார் என்பதை அவ்வளவாகப் பேசுவதில்லை.

இராமானுஜன் 1887 டிசெம்பர் 22ஆம் திகதி ஈரோட்டில், தாய்வழிப் பாட்டி வீட்டில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணத்தில். தந்தை ஒரு புடவைக் கடையில் கணக்கெழுதினார். சம்பளம் மாதம் 20 ரூபா அளவில். தாய் கோமளத்தம்மாள் கோயிலில் பஜனை பாடிக் கிடைத்த சில ரூபாவைக் குடும்பச் செலவில் சேர்த்தார். வீட்டில் கல்லூரி மாணவர்களைத் தங்கவைத்துச் சாப்பாடு போட்டும் கொஞ்சம் சம்பாதித்தார். அப்படி வந்து தங்கிய மாணவர்கள் மூலம்தான் சிறுவனின் கைக்குக் கணிதப் புத்தகங்கள் வந்தன.

1904இல் அவர் பாடசாலைப் படிப்பைக் கணிதப் பரிசோடு முடித்தார். கும்பகோணம் அரசு கல்லூரியில் புலமைப்பரிசிலும் கிடைத்தது. கல்லூரிக் கட்டணம் தவணைக்கு 32 ரூபா. தந்தையின் ஒன்றரை மாதச் சம்பளம் அது. புலமைப்பரிசில் இருந்தால் கல்லூரி உண்டு, இல்லாவிட்டால் இல்லை என்பதே வீட்டு நிலைமை.

அந்தப் புலமைப்பரிசில் ஒரு வருடம்கூட ஒழுங்காக நிலைக்கவில்லை. கணிதம் தவிர வேறெதிலும் அவருக்கு மனம் செல்லவில்லை. ஆங்கிலக் கட்டுரைப் பாடத்தில் தவறினார், உதவி நின்றது. தாய் நேரே கல்லூரி அதிபரிடம் போய் முறையிட்டார். கணிதத்தில் தன் மகனுக்கு நிகர் யார் என்பது அவருடைய வாதம். அதிபர் மரியாதையாகப் பேசினாலும் விதியை மாற்ற அவர் இணங்கவில்லை.

கட்டணம் கட்ட முடியாத அவமானத்தோடு சில மாதங்கள் தள்ளிப்பார்த்த மாணவன் 1905 ஓகஸ்டில் யாருக்கும் சொல்லாமல் ரயிலேறி விசாகப்பட்டினம் போய்விட்டான். அப்போது வயது பதினேழு. காணாமற்போன சிறுவனைத் தேடி அடுத்த மாதம் இந்து பத்திரிகையில் அறிவித்தல் வெளியானது. பிள்ளையைத் தேடி அலைவது என்னவென்று நம்முடைய ஊர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. இந்தப் பிள்ளை கிடைத்துவிட்டான்.

1906இல் மீண்டும் முயன்றார். சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து பாட்டியோடு தங்கினார். அவருடைய குறிப்பேட்டைப் பார்த்த கணித ஆசிரியர் அவரை அதிபரிடம் அழைத்துப் போனார். கட்டணத்தில் ஒரு பகுதிக்கு உதவி கிடைத்தது. ஆனால் நோய் வந்து படிப்பு இடையில் தடைப்பட்டது. கணிதத்தில் நல்ல புள்ளி, உடலியலில் மிகக் குறைந்த புள்ளி என்ற நிலையில் அந்த வருடம் பரீட்சையில் தவறினார். அடுத்த வருடமும் அதுவே நடந்தது. இருபது வயதில் கையில் பட்டமும் இல்லை, உதவித்தொகையும் இல்லை.

அடுத்து வந்தவைதான் மிகக் கடினமான ஆண்டுகள். ரியூஷன் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கப் பார்த்தார். பாடத்திட்டத்தோடு நிற்காமல் வேறெங்கோ போய்விடும் ஆசிரியரிடம் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் நிலைக்கவில்லை. தாள் வாங்கக் காசில்லாததால் சிலேட்டில் கணக்குப் போட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் குறிப்பேட்டில் எழுதினார். ஏற்கெனவே எழுதிய தாளின் மேல் சிவப்பு மையால் மறுபடி எழுதியதும் உண்டு. 1909 ஜூலையில் பத்து வயதான ஜானகியை அவருக்கு மணமுடித்து வைத்தார்கள். 1910 தொடக்கத்தில் அவருக்கு ஓர் அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டது. குடும்பத்திடம் பணம் இல்லை. ஒரு மருத்துவர் காசு வாங்காமல் செய்து கொடுத்தார்.

அந்த நாட்களில் சென்னையில் நோயோடு கிடந்தவரை ராதாகிருஷ்ண ஐயர் என்ற நண்பர் பராமரித்து ஊருக்கு ரயிலேற்றி அனுப்பினார். புறப்படுமுன் இராமானுஜன் தன் குறிப்பேடுகளை அவரிடம் கொடுத்தார். தான் இறந்துவிட்டால் பேராசிரியர் சிங்காரவேலு முதலியாரிடமோ, கிறித்தவக் கல்லூரியின் ரோஸிடமோ சேர்த்துவிடும்படி கேட்டுக்கொண்டார். உலகம் இன்றுவரை ஆராய்ந்துவரும் குறிப்பேடுகள் ஒரு நண்பனின் கையில் அடைக்கலமாக இருந்தன.

உடம்பு தேறியதும் அவர் வேலை கேட்டுப் புறப்பட்டார். காட்டுவதற்குக் குறிப்பேடுகளைத் தவிர வேறு சான்றிதழ் இல்லை. 1910இல் திருக்கோயிலூரில் துணை ஆட்சியராக இருந்த வி. இராமசாமி ஐயரிடம் போனார். இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர் அவர். தாலுகா அலுவலகத்தில் ஓர் எழுதுவினைஞர் வேலை போதும் என்று இராமானுஜன் கேட்டார். குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்த அதிகாரி, இந்தத் திறமையை வரி அலுவலகத்தின் கடைசி மேசையில் புதைக்க விரும்பவில்லை. சென்னையிலுள்ள கணிதம் தெரிந்தவர்களுக்கு அறிமுகக் கடிதம் கொடுத்தனுப்பினார்.

அந்தக் கடிதங்கள் கைமாறிக் கைமாறி அவரை நெல்லூர் ஆட்சியர் ஆர். இராமச்சந்திர ராவிடம் கொண்டு சேர்த்தன. ராவ் முதலில் நம்பவில்லை. மூன்று நான்கு சந்திப்புகளுக்குப் பிறகே நம்பினார். என்ன வேண்டும் என்று கேட்டபோது, கணிதத்தைத் தொடர்வதற்குச் சோற்றுக்கு வழி இருந்தால் போதும் என்பதே பதிலாக இருந்தது. ராவ் தன் கைக்காசிலிருந்து மாதம் 25 ரூபா அனுப்பத் தொடங்கினார். பெரிய தொகை அல்ல. ஆனால் அந்தப் பணம் வந்த 1911ஆம் ஆண்டில்தான் பெர்னூலி எண்கள் பற்றிய இராமானுஜனின் முதல் ஆய்வுக் கட்டுரை இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் அச்சானது.

அவருக்குப் புலமைப்பரிசில் வாங்கித் தர நடந்த முயற்சிகள் பலிக்கவில்லை. இன்னொருவருக்குச் சுமையாகவே இருந்துவிடவும் அவர் விரும்பவில்லை. கணக்காய்வுத் தலைமை அலுவலகமொன்றில் 20 ரூபாவுக்குச் சில வாரங்கள் தற்காலிகமாக வேலை செய்தார். 1912 மார்ச் 1ஆம் திகதி சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் கணக்குப் பகுதியில் 30 ரூபா சம்பளத்தில் எழுதுவினைஞரானார்.

துறைமுக வேலை என்றால் என்னவென்று திருகோணமலை மாவட்டத்தில் இருக்கும் நமக்குத் தெரியும். கப்பல், சரக்கு, பற்றுச்சீட்டு, கணக்குப் புத்தகம். அந்த இடத்தில் அவருக்குக் கிடைத்த மேலதிகாரி எஸ். நாராயண ஐயர் கணிதம் படித்தவர். இரவில் இருவரும் சிலேட்டோடு உட்கார்ந்தார்கள். கழகத்தின் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் ஆதரவாக இருந்தார். சரக்கு கட்டி வந்த தாள்களை இராமானுஜன் கணக்குப் போடச் சேர்த்து வைப்பாராம்.

1913 ஜனவரி 16ஆம் திகதி அவர் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தின் கதை எல்லோருக்கும் தெரியும். அடுத்த மாதம் எழுதிய இரண்டாவது கடிதத்தைப் பற்றிக் குறைவாகவே பேசப்படுகிறது. தான் பாதிப் பட்டினியில் இருப்பதாகவும், மூளையைக் காக்க முதலில் உணவு வேண்டும் என்றும், ஹார்டியின் ஒரு வார்த்தை தனக்குப் புலமைப்பரிசில் கிடைக்க உதவும் என்றும் அதில் ஒளிவுமறைவில்லாமல் எழுதினார். மேதை என்று பிறகு உலகம் கொண்டாடிய மனிதர் உதவி கேட்பதை வெட்கமாக நினைக்கவில்லை.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் விடயம் பேச்சுக்கு வந்தபோது பழைய தடையே மறுபடி வந்தது. ஆய்வு உதவித்தொகைக்கு முதுகலைப் பட்டம் வேண்டும் என்பது விதி. இவரிடம் எந்தப் பட்டமும் இல்லை. அப்போது ஒருவர் பல்கலைக்கழகச் சட்டத்தின் முகவுரையைச் சுட்டிக்காட்டினார். ஆராய்ச்சியை வளர்ப்பதும் பல்கலைக்கழகத்தின் கடமை என்று அதில் இருந்தது. 1913 ஏப்ரலில் முடிவானது: இரண்டு வருடங்களுக்கு மாதம் 75 ரூபா. மூன்று மாதத்துக்கொரு அறிக்கை கொடுத்தால் போதும். 1905இல் ஒரு விதியால் இழந்ததை எட்டு ஆண்டுகள் கழித்து, விதியை நோக்கம் அறிந்து வாசித்த ஒருவரால் திரும்பப் பெற்றார்.

மீதிக் கதை வேகமானது. 1914 மார்ச்சில் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். பல்கலைக்கழகம் வருடத்துக்கு 250 பவுண் கொடுத்தது. அதில் 50 பவுண் கும்பகோணத்திலிருந்த குடும்பத்துக்குப் போனது. சில மாதங்களில் முதல் உலகப் போர் மூண்டது. மரக்கறி உணவு மட்டுமே உண்பவருக்குப் போர்க்கால இங்கிலாந்தில் சரியான சாப்பாடு கிடைப்பது அரிதானது. 1917 முதல் நோயோடு போராடினார். 1918இல் றோயல் சங்கத்தின் உறுப்பினரானார். அதே வருடம் டிரினிட்டி கல்லூரியும் அவரை உறுப்பினராக்கியது.

சென்னைப் பல்கலைக்கழகமும் வருடத்துக்கு 250 பவுண் தர முன்வந்தது. அதற்கு நன்றி சொல்லி 1919 ஜனவரியில் பல்கலைக்கழகத்துக்கு அவர் எழுதிய கடிதத்தை இந்தக் கட்டுரையின் மையம் என்றே சொல்லலாம். இந்தியா திரும்பிய பின் தன் தேவைக்கு அந்தப் பணம் அதிகம் என்றார் அவர். பெற்றோருக்கு வருடம் 50 பவுண் கொடுத்து, தன் அவசியச் செலவும் போக மிஞ்சுவதைக் கல்விக்குச் செலவிட வேண்டும் என்று கேட்டார். குறிப்பாக ஏழைப் பிள்ளைகளின், தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளின் பாடசாலைக் கட்டணத்தைக் குறைக்கவும், பாடசாலைகளுக்குப் புத்தகம் வாங்கவும். 32 ரூபா கட்ட முடியாமல் ரயிலேறிய பதினேழு வயதை அவர் மறந்திருக்கவில்லை.

1919 மார்ச்சில் ஊர் திரும்பினார். 1920 ஏப்ரல் 26ஆம் திகதி சென்னையில் காலமானார். வயது முப்பத்திரண்டு. விதவையான ஜானகிக்குப் பல்கலைக்கழகம் மாதம் 20 ரூபா ஓய்வூதியம் கொடுத்தது. அவர் தையல் வேலை செய்து நெடுங்காலம் வாழ்ந்து 1994இல் மறைந்தார்.

திறமை இருந்தால் எப்படியும் மேலே வரலாம் என்று இந்த வாழ்க்கையை வைத்துச் சொல்பவர்கள் உண்டு. நடந்ததைப் பார்த்தால் அப்படிச் சொல்ல முடியாது. பச்சையப்பனில் ஓர் ஆசிரியர், காசு வாங்காத மருத்துவர், குறிப்பேட்டைக் காத்த நண்பன், அறிமுகக் கடிதம் எழுதிய அதிகாரி, 25 ரூபா அனுப்பிய ஆட்சியர், வேலையிடத்தில் ஓர் ஐயர். இவர்களில் ஒருவர் விடுபட்டிருந்தாலும் சங்கிலி அறுந்திருக்கலாம். அவர்களில் யாரும் புலமைப்பரிசில் நிதியம் அல்ல. நிதியம் வரும்வரை ஓர் ஆளைத் தாங்கியவர்கள் மட்டுமே.

குறிஞ்சாக்கேணியிலும் மூதூரிலும், வன்னியிலும் இன்று அப்படிக் காத்திருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். போரில் தகப்பனை இழந்த வீட்டிலிருந்து, இடம்பெயர்ந்து திரும்பிய வீட்டிலிருந்து முதல் முறையாகப் பல்கலைக்கழகம் போகிறவர்கள். முதல் தவணைப் பணம் கைக்கு வரும்வரை மூன்று நான்கு மாத விடுதிக் காசை ஒரு பழைய மாணவர் சங்கமோ, பள்ளிவாசல் நிர்வாகமோ, கோயில் பரிபாலன சபையோ, புலம்பெயர்ந்த ஓர் உறவோ பொறுப்பெடுக்க முடியும். வந்த பின் திருப்பித் தரும்படி கேட்டாலும் சரி, அடுத்த பிள்ளைக்குக் கொடுக்கும்படி சொன்னாலும் சரி.

காத்திருக்கும் மாணவருக்கும் ஒரு வார்த்தை. கஷ்டத்தை விரிவுரையாளரிடமும் மாணவர் நலன் பிரிவிலும் பழைய ஆசிரியரிடமும் சொல்லுங்கள். ஒரு கதவு திறக்காவிட்டால் அடுத்ததைத் தட்டுங்கள். இராமானுஜனும் அதைத்தான் செய்தார், கையில் ஒரு குறிப்பேட்டோடு.