பாரிஸில் வாங்கிய கவுன்

நம்மில் பலர் இரவு உணவு முடிந்ததும் உளவாளிகளைப் பற்றிய தொடர்களை விரும்பிப் பார்க்கிறோம். கதாநாயகியும் காதலும் துப்பாக்கியும் இல்லாத தொடர் அதில் குறைவு. அப்படி ஒரு கதையை உண்மையிலேயே வாழ்ந்து முடித்தவர் வயலெட் சாபோ. முடியும்போது அவருக்கு வயது 23.

1921 ஜூன் 26 அன்று பாரிஸில் பிறந்தார். தந்தை ஆங்கிலேயர், தாய் பிரெஞ்சுக்காரர். தெற்கு லண்டனில் வளர்ந்து, ஒரு பெரிய கடையின் சென்ட் பிரிவில் விற்பனைப் பெண்ணாக வேலை பார்த்தார்.

1940 ஜூலை 14, பிரான்ஸின் தேசிய நாள். பிரான்ஸ் ஜெர்மனியிடம் வீழ்ந்து சில வாரங்களே ஆகியிருந்தன. நாட்டைப் பிரிந்து லண்டனில் தவித்த பிரெஞ்சு வீரர்கள் அன்று அணிவகுத்தார்கள். அவர்களில் ஒருவரையாவது வீட்டுக்குச் சாப்பிட அழைத்து வரும்படி அம்மா வயலெட்டை அனுப்பினார். அவர் அழைத்து வந்தவர் எட்டியென் சாபோ என்ற ராணுவ வீரர். ஆகஸ்ட் 21 அன்று இருவருக்கும் திருமணம். அவருக்கு 30, இவருக்கு 19.

எட்டியென் விரைவிலேயே போர்முனைக்குப் போய்விட்டார். 1942 ஜூனில் மகள் டானியா பிறந்தாள். அதே ஆண்டு அக்டோபரில், எகிப்தின் எல் அலமைன் போரில் எட்டியென் இறந்தார். மகளை அவர் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

பிரெஞ்சு சரளமாகப் பேசும் இந்த இளம் விதவையை எஸ்.ஓ.இ. என்ற பிரிட்டிஷ் ரகசிய அமைப்பு அழைத்தது. ஜெர்மனி பிடித்து வைத்திருந்த நாடுகளில் நாசவேலை செய்வதும் உள்ளூர் எதிர்ப்புப் படைகளுக்கு உதவுவதும் அதன் வேலை. பிடிபட்டால் என்ன ஆகும் என்பது தெரிந்தே வயலெட் சம்மதித்தார். பாராசூட் பயிற்சியில் கணுக்காலில் அடிபட்டது. ஆறியதும் திரும்ப வந்து பயிற்சியை முடித்தார். ரகசியச் செய்தி அனுப்ப ஒவ்வொருவரும் ஒரு கவிதையை மனப்பாடம் செய்ய வேண்டும். விமான விபத்தில் இறந்த தன் காதலிக்காக லியோ மார்க்ஸ் என்ற அதிகாரி எழுதிய கவிதை வயலெட்டுக்குக் கிடைத்தது.

1944 ஏப்ரலில் முதல் பயணம். ரூவான் பகுதியில் ஜெர்மானியர் கலைத்துவிட்ட குழுவில் யார் மிஞ்சியிருக்கிறார்கள் என்று தனியாகப் போய் விசாரித்தார். வேலை முடிந்து திரும்பும் முன் பாரிஸில் கடைக்குப் போய்த் தனக்குச் சில உடைகளும், மகளுக்கு ஒரு கவுனும் வாங்கிக்கொண்டார்.

இரண்டாவது முறை அவர் பிரான்ஸில் குதித்தது ஜூன் 8 அதிகாலை. அன்று டானியாவுக்கு இரண்டாவது பிறந்தநாள். இரண்டு நாள் கழித்து, சலோன்-லா-தூர் என்ற ஊருக்கு அருகில் ஜெர்மானியப் படையிடம் சிக்கினார். கூட வந்த பிரெஞ்சுத் தோழர் தப்பிவிட்டார். வயலெட்டைப் பாரிஸுக்குக் கொண்டுபோய் விசாரித்தார்கள். தோழர்களை அவர் காட்டிக்கொடுக்கவில்லை. ஜெர்மனிக்குக் கொண்டுபோகும் வழியில் ரயில்மீது விமானத் தாக்குதல் நடந்தது. காவலர்கள் ஓடி ஒளிந்த நேரத்தில், காலில் விலங்கோடு தவழ்ந்து போய், வேறு பெட்டியில் தாகத்தால் வாடிய ஆண் கைதிகளுக்குத் தண்ணீர் கொடுத்தார்.

பெண்களுக்கான ராவன்ஸ்புரூக் வதைமுகாமில், 1945-இன் தொடக்கத்தில், டெனிஸ் புளோக், லிலியன் ரோல்ஃப் என்ற இரு பெண் உளவாளிகளோடு சேர்த்து அவரையும் சுட்டுக் கொன்றார்கள். ஐரோப்பாவில் போர் முடியச் சில மாதங்களே இருந்தன.

1958-இல் அவர் வாழ்க்கை ஆங்கிலத்தில் திரைப்படமாக வந்தது. ஆனால் எந்தப் படத்தையும்விட மனதில் நிற்பது 1947 ஜனவரியில் லண்டன் அரண்மனையில் நடந்த ஒரு நிகழ்ச்சி. வயலெட்டுக்கு அறிவிக்கப்பட்ட ஜார்ஜ் கிராஸ் வீரப் பதக்கத்தை ஆறாம் ஜார்ஜ் மன்னர் நான்கு வயது டானியாவிடம் கொடுத்தார். அன்று அவள் உடுத்தியிருந்தது, அம்மா பாரிஸில் வாங்கி வந்த அந்தக் கவுன்.