ஹைபா வீரர் மேஜர் தல்பத் சிங்

நம் முன்னோர் ஐவகை நிலங்களுள் பாலையைப் பிரிவிற்குரிய நிலமாக வகுத்தனர். கெடிலமும் பெண்ணையும் வளஞ்செய்யக் கரும்பு செழித்து நிற்கும் நெல்லிக்குப்பத்துப் பகுதியில் வாழும் நமக்குப் பாலை என்பது ஏட்டிற் கண்ட நிலமேயாம். ஆயின், முதல் உலகப் பெரும்போரில் நம் நாட்டினர் பலர் சீனாய்ப் பாலையையும் பலஸ்தீனத்து வறுநிலங்களையும் கடந்து சென்று பொருதனர். அவருள் மீளாப் பிரிவுற்ற ஒருவரே ஜோத்பூர் சமஸ்தானத்து மேஜர் தல்பத் சிங்.

இவர் 1892ஆம் ஆண்டிற் பிறந்தார். தந்தையாராகிய ஹரி சிங் போலோ ஆட்டத்திற் பெரும்பெயர் பெற்றவர். தல்பத் சிங் இங்கிலாந்திற் கல்வி பயின்று, தாயகம் மீண்டு, ஜோத்பூர் ஈட்டிக் குதிரைப்படையிற் சேர்ந்தார். 1914இற் போர் மூண்டபோது, எழுபதை அணுகிய முதியவராகிய ஸர் பிரதாப் சிங் அப்படையைப் பிரான்ஸ் நாட்டிற்கு நடத்திச் சென்றார். 1918இல் அப்படை பலஸ்தீனத்திற்கு அனுப்பப்பெற்று, மைசூர், ஹைதராபாத் சமஸ்தானங்களின் குதிரைப்படைகளோடு ஓரணியாயிற்று.

அதற்கு முன்னரே அப்போர் பேரிழப்பை விளைவித்திருந்தது. இருப்புப்பாதையும் நீர்க்குழாயும் அமைத்துக்கொண்டே சேனை சீனாய்ப் பாலையை மெல்லக் கடந்தது. 1917 மார்ச்சிலும் ஏப்ரலிலும் காசா நகர்மேற் சென்ற இரு தாக்குதல்களும் தோல்வியுற்றன. மூன்றாம் முறையே அந்நகர் வீழ்ந்தது. 1918 ஜூலை 14ஆம் நாள், கடல் மட்டத்திற்கும் தாழ்ந்து வெம்மை மிக்க யோர்தான் பள்ளத்தாக்கில், தல்பத் சிங் எக்காளம் ஊதும் வீரர் ஒருவரை மட்டும் துணைக்கொண்டு பாய்ந்து, இயந்திரத் துப்பாக்கி நிலையொன்றைக் கைப்பற்றினார். அதற்காக மிலிட்டரி கிராஸ் விருது பெற்றார்.

அவ்வாண்டு செப்டம்பர் 19ஆம் நாள் மெகிதோப் போர் தொடங்கிற்று. வடக்கே முன்னேறும் சேனைக்கு உணவும் தளவாடமும் கடல்வழி வருதற்கு ஹைபாத் துறைமுகம் வேண்டப்பட்டது. 23ஆம் நாள் பிற்பகலில் அந்நகரைத் தாக்கும் பொறுப்பு ஜோத்பூர், மைசூர் வீரர்க்கு வாய்த்தது. ஒருபால் எலியா தீர்க்கதரிசியின் கர்மேல் மலை. மற்றொருபால் சிசெராவின் சேனையை வாரிச்சென்ற கீசோன் ஆறு. இடையே ஒடுங்கிய வழி. மலைமேற் பீரங்கிகளும் சரிவில் இயந்திரத் துப்பாக்கிகளும் அவ்வழியை நோக்கி நின்றன. ஆற்றோரத்துப் புதைமணல் குதிரைகளை உள்வாங்கவே, படை இடப்புறம் திரும்பி மலைச்சரிவின்மேற் பாய்ந்தது. அவ்வேளையில் தல்பத் சிங் குண்டுபட்டு வீழ்ந்தார். அமன் சிங் தலைமை ஏற்க, வீரர் நில்லாது நகரினுட் புகுந்தனர். மைசூர் வீரர் மலைமீதேறிப் பீரங்கிகளைக் கைப்பற்றினர். அன்றே நகர் வீழ்ந்தது; பகைவர் 1,300க்கு மேற்பட்டோர் சிறைப்பட்டனர். தல்பத் சிங் தம் 26ஆம் அகவையில் உயிர் நீத்தார்.

நம்மவருள் எண்மர் மாண்டனர். 34 பேர் புண்பட்டனர். 60 குதிரைகள் மடிந்தன. இத்துணைப் பெரிய வெற்றிக்கு இது சிறு விலையென்று போர்க்கலை வல்லார் கூறுவர். ஆயின், அவ்வெண்மர் இல்லங்களில் அது சிறு விலையாகத் தோன்றியிராது. ஜோத்பூர்க் குடிகளுக்கும் துருக்கியர்க்கும் என்ன பகை? பேரரசு படை வேண்டிற்று, மன்னர் உடன்பட்டனர், குடிகள் சென்றனர். இயந்திரத் துப்பாக்கிக்கு எதிரே ஈட்டியோடு செல்க என ஏவியவர் வேறு. முன்சென்று வீழ்ந்தவர் வேறு. ஆதலின் அப்போரைப் போற்றாமலே அவ்வீரரைப் போற்றுதல் கூடும் என்பது எம் கருத்து.

டில்லியில் 1922இல் எழுந்த தீன் மூர்த்தி நினைவுச் சின்னத்தில், மூன்று சமஸ்தானங்களின் பெயரால் மூன்று வீரர் உருவங்கள் நிற்கின்றன. 2018இல் அவ்விடத்தின் பெயரோடு ஹைபா என்னும் பெயரும் சேர்க்கப்பட்டது. செப்டம்பர் 23ஆம் நாளை நம் நாட்டுச் சேனை ஹைபா நாளாகக் கொண்டாடி வருகின்றது. அன்று தல்பத் சிங்கின் பெயர் பலரால் நினைக்கப்படும். அவரோடு மாண்ட குதிரைவீரர் பெயர்களையோ சொல்வார் அரியர். திருமறையிற் கர்மேலையும் கீசோனையும் படிக்குந்தோறும், அவர்களையும் நாம் நினைவு கூர்வோமாக.