மூன்றாம் நிலை நிபுணரின் முனைவர் பட்டம்

நம் குடியிருப்பில் இயற்பியலில் பி.எச்டி. செய்யும் ஒரு பெண் இருக்கிறார். ஐந்தாவது வருடம் நடக்கிறது. லிஃப்ட்டில் பார்க்கும்போதெல்லாம் எப்பம்மா முடியும் என்று கேட்பவர்களில் நானும் ஒருவன். போன மாதம் கேட்டபோது அவர் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அந்தப் பாவத்துக்குப் பரிகாரமாக, ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் பி.எச்டி. வாங்கிய கதையை இந்த இதழுக்கு எழுதுகிறேன். நான் பி.காம். படித்தவன். சார்பியல் கொள்கையை விளக்கச் சொன்னால் ஓடிவிடுவேன். ஆனால் ஆபீஸ் வேலை பார்த்துக்கொண்டே பரீட்சை எழுதுவது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும்.

ஐன்ஸ்டைன் 1879 மார்ச் 14 அன்று ஜெர்மனியின் உல்ம் நகரில் பிறந்தார். சுவிட்சர்லாந்தில் சூரிச் பாலிடெக்னிக்கில் படித்து 1900-இல் தேறினார். அவரோடு படித்துத் தேறிய மூன்று நண்பர்களுக்கு அதே கல்லூரியில் உதவியாளர் வேலை கிடைத்தது. இவருக்குக் கிடைக்கவில்லை. வகுப்புக்குச் சரியாகப் போகாதவர், பேராசிரியர் வேபரிடம் மரியாதைக் குறைவாக நடப்பவர் என்று பெயர் எடுத்திருந்தார். முதலில் அதே வேபரிடம்தான் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்வதாக இருந்தது. அது ஒத்துவரவில்லை. கைடோடு மனஸ்தாபம் என்பது நேற்று இன்று வந்த சமாச்சாரம் இல்லை.

ஐரோப்பா முழுவதும் பேராசிரியர்களுக்கு வேலை கேட்டுக் கடிதம் போட்டார். ஒன்றும் நடக்கவில்லை. 1901 ஏப்ரலில் அவர் அப்பா ஹெர்மன், மகனுக்குத் தெரியாமல், லைப்சிக் நகரப் பேராசிரியர் ஆஸ்ட்வால்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். தொழிலில் நொடித்துப்போன மனிதர் அவர். என் மகன் மனம் உடைந்திருக்கிறான், இரண்டு வரி ஆறுதலாக எழுதுங்கள், முடிந்தால் ஒரு வேலை கொடுங்கள் என்பதுதான் அதன் சாரம். அந்தக் கடிதத்தால் வேலை எதுவும் வரவில்லை. அடுத்த வருடம் அக்டோபரில் ஹெர்மன் காலமானார். மகன் டாக்டர் ஆனதை அவர் பார்க்கவில்லை. நானும் ஒரு மகனின் வேலைக்காக ஊரெல்லாம் சொல்லி வைத்தவன் என்பதால், இந்த வாழ்க்கை வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

பாலிடெக்னிக்குக்கு அந்தக் காலத்தில் முனைவர் பட்டம் வழங்கும் அதிகாரம் கிடையாது. 1909-இல்தான் வந்தது. அதனால் அங்கே படித்தவர்கள் சூரிச் பல்கலைக்கழகத்தில் ஆய்வேடு சமர்ப்பிப்பார்கள். பள்ளிக்கூடங்களில் தற்காலிக வாத்தியாராகவும் டியூஷன் மாஸ்டராகவும் காலம் தள்ளிக்கொண்டிருந்த ஐன்ஸ்டைன், 1901 நவம்பரில் அங்கே பேராசிரியர் கிளைனரிடம் முதல் ஆய்வேட்டைக் கொடுத்தார். வாயுக்களில் மூலக்கூறுகளுக்கு இடையிலுள்ள விசைகள் பற்றியது. 1902 பிப்ரவரியில் அதை அவரே திரும்பப் பெற்றுக்கொண்டார். கட்டிய 230 பிராங்க் கட்டணம் திரும்ப வந்தது. கையில் காசில்லாத நேரத்தில் அது பெரிய தொகை.

இதற்கு நடுவில் இன்னொரு கதை இருக்கிறது. அவருடைய வகுப்பில் படித்த செர்பியப் பெண் மிலேவா மாரிச். அந்த வகுப்பில் ஒரே பெண் அவர்தான். இருவரும் காதலித்தார்கள். மிலேவாவும் ஆய்வு செய்து முனைவர் ஆகும் எண்ணத்தில்தான் இருந்தார். 1900-இல் இறுதித் தேர்வில் தவறினார். 1901-இல் கர்ப்பிணியாக மறுபடி எழுதி மறுபடி தவறினார். பிறந்த வீட்டுக்குத் திரும்பிப் போய், 1902 ஜனவரியில் ஒரு பெண் குழந்தையைப் பெற்றார். இருவரும் 1903 ஜனவரியில்தான் திருமணம் செய்துகொண்டார்கள். அந்தக் குழந்தை அவர்களோடு வளரவே இல்லை. ஆய்வேட்டுக் கனவும் அதோடு போயிற்று. ஐன்ஸ்டைன் பட்டம் வாங்கிய கதையைச் சொல்பவர்கள் இதைச் சேர்த்துச் சொல்வதில்லை. சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

வேலை கடைசியில் சிபாரிசில் கிடைத்தது. உடன் படித்த மார்செல் கிராஸ்மனின் அப்பா, பெர்ன் நகரக் காப்புரிமை அலுவலகத்தின் இயக்குநர் ஹாலரிடம் சொல்லி வைத்தார். 1902 ஜூன் 23 அன்று ஐன்ஸ்டைன் சேர்ந்தார். குமாஸ்தா என்று எல்லோரும் எழுதுகிறார்கள். நான் குமாஸ்தாவாகவே ஓய்வு பெற்றவன், அவரையும் எங்கள் இனத்தில் சேர்த்துக்கொள்ள ஆசைதான். ஆனால் அவருடைய பதவியின் பெயர் மூன்றாம் நிலை தொழில்நுட்ப நிபுணர், அதுவும் தற்காலிகம். ஆண்டுச் சம்பளம் 3500 பிராங்க். வாரம் ஆறு நாள், தினமும் எட்டு மணி நேரம். கண்டுபிடிப்பாளர்கள் அனுப்பும் விண்ணப்பங்களைப் படித்து, சரியா தப்பா என்று குறிப்பு எழுத வேண்டும். 1904 செப்டம்பரில் வேலை நிரந்தரமானது, சம்பளமும் 400 பிராங்க் கூடியது. அந்த வருடம் மே மாதம் ஒரு மகனும் பிறந்திருந்தான்.

1905-ஐ ஐன்ஸ்டைனின் அதிசய ஆண்டு என்பார்கள். ஒளியைப் பற்றி ஒன்று, திரவத்தில் மிதக்கும் துகள்கள் பற்றி ஒன்று, சார்பியல் பற்றி இரண்டு என்று அந்த ஒரே வருடத்தில் எழுதித் தள்ளினார். ஆனால் பட்டத்துக்குக் கொடுத்தது இவற்றில் எதுவும் இல்லை. சர்க்கரைத் தண்ணீர் பற்றிய ஒரு கட்டுரையைக் கொடுத்தார்.

நம் வீட்டு அடுப்படியிலேயே இதைப் பார்க்கலாம். தண்ணீரில் சர்க்கரையைப் போட்டால் தண்ணீர் கெட்டியாகிறது, பாகு காய்ச்சுபவர்களுக்குத் தெரியும். கலக்காமல் விட்டால் அடியில் கிடக்கும் சர்க்கரை கொஞ்சம் கொஞ்சமாக மேலே பரவும். எவ்வளவு கெட்டியாகிறது என்பது ஒரு கணக்கு. எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்பது இன்னொரு கணக்கு. இரண்டையும் சேர்த்தால் இரண்டு விடை கிடைக்கும். ஒன்று, சர்க்கரை மூலக்கூறின் பருமன். மற்றொன்று, 342 கிராம் சர்க்கரையில் மொத்தம் எத்தனை மூலக்கூறுகள் என்பது, அதாவது பள்ளியில் படித்த அவகாட்ரோ எண். அணு, மூலக்கூறு என்பதெல்லாம் உண்மையிலேயே இருக்கிறதா என்று பெரிய பேராசிரியர்களே சந்தேகப்பட்ட காலம் அது. அந்த நேரத்தில் மூலக்கூறை அளந்து காட்டுவது லேசான காரியம் இல்லை.

ஏப்ரல் 30 அன்று எழுதி முடித்து, ஜூலை 20 அன்று சூரிச்சில் சமர்ப்பித்தார். அச்சில் வெறும் 17 பக்கம்தான். நண்பர் கிராஸ்மனுக்குச் சமர்ப்பணம் செய்திருந்தார். மிகச் சிறியதாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பினார்கள் என்றும், ஒரே ஒரு வாக்கியம் சேர்த்துக் கொடுத்ததும் ஏற்றுக்கொண்டார்கள் என்றும் அவரே பின்னாளில் வேடிக்கையாகச் சொன்னதாக ஒரு கதை உண்டு. எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை, ஏனென்றால் கொடுத்த சில நாட்களிலேயே ஒப்புதல் வந்துவிட்டது. கிளைனர் தவிர, பர்க்ஹார்ட் என்ற கணிதப் பேராசிரியரும் முக்கியமான கணக்குகளைச் சரிபார்த்து, பிழையில்லை என்று கையெழுத்துப் போட்டார். 1906 ஜனவரி 15 அன்று பட்டம் கிடைத்தது. ஏப்ரலில் ஆபீசில் இரண்டாம் நிலை நிபுணராகப் பதவி உயர்வு, சம்பளம் 4500 பிராங்க்.

டாக்டர் ஆனதும் கதவு திறந்துவிடவில்லை. 1907-இல் பெர்ன் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்த அனுமதி கேட்டார். விதிப்படி அதற்கென்று தனியாக ஓர் ஆய்வுரை கொடுக்க வேண்டும். இவர் ஏற்கனவே அச்சான 17 கட்டுரைகளை அனுப்பி வைத்தார். சார்பியல் கட்டுரையும் அதில் அடக்கம். விதி விதிதான் என்று நிராகரித்தார்கள். அடுத்த வருடம் விதிப்படி எழுதிக் கொடுத்த பிறகுதான் அனுமதி வந்தது. ஆபீசுக்குப் போக வேண்டும் என்பதால் காலை 7 மணிக்கு வகுப்பு. கேட்க வந்தவர்கள் மூன்று பேர், எல்லோரும் நண்பர்கள். 1909 அக்டோபரில் சூரிச் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் வேலை கிடைத்தது. சம்பளம் ஆபீசில் வாங்கிய அதே 4500.

இப்போது அந்தச் சர்க்கரைக் கணக்குக்கு வருகிறேன். அதில் ஒரு தப்பு இருந்தது.

ஆய்வேட்டில் அவர் கண்ட விடை 2.1. (இதை 10-இன் 23-ஆம் அடுக்கால் பெருக்க வேண்டும். அந்த நீளமான வாலை விட்டுவிடுகிறேன்.) 1906-இல் பத்திரிகையில் வெளியிட்டபோது, புதிய அளவீடுகள் கிடைத்ததால் 4.15 ஆனது. பாரிசில் பெரான் என்ற விஞ்ஞானிக்கு வேறு வழிகளில் கிடைத்த எண் இதைவிடப் பெரியது. அவருடைய ஆய்வுக்கூடத்தில் பான்சலான் என்பவர் சோதனை செய்து பார்த்ததில், திரவம் கெட்டியாகும் அளவு ஐன்ஸ்டைன் சூத்திரத்தோடு ஒத்துப்போகவில்லை. ஐன்ஸ்டைன் தன் கணக்கைத் திரும்பப் பார்த்தார். தப்பு தெரியவில்லை.

வங்கியில் பேலன்சிங் செய்தவர்களுக்கு இது நன்றாகப் புரியும். ஒரு வருடம் எங்கள் கிளையில் லெட்ஜர் டேலி ஆகவில்லை. நான் எழுதிய பக்கங்களை நானே மூன்று நாள் பார்த்தேன். பக்கத்து சீட்டு நண்பர் வித்தியாசம் 27 என்றதும், ஒன்பதால் வகுபடுகிறதே, எங்கேயோ எண்ணை மாற்றிப் போட்டிருக்கிறாய் என்று சொல்லி, 63-ஐ 36 என்று எழுதியிருந்ததைக் காட்டினார். நான் அதே வரியைக் குறைந்தது நான்கு தடவை பார்த்திருப்பேன்.

ஐன்ஸ்டைனும் வேறொருவரிடம் கொடுத்தார். லுட்விக் ஹோப்ஃப் என்ற இளைஞர். 1911 ஜனவரியில் அவர் பிழையைக் கண்டுபிடித்தார். 1 என்று வந்திருந்த ஒரு குணகம் 2.5 என்று வந்திருக்க வேண்டும். பர்க்ஹார்ட் கண்ணிலும் படாதது அதுதான். திருத்திப் போட்டதும் விடை 6.56 ஆயிற்று. இன்றைய மதிப்பு 6.022. ஐன்ஸ்டைன் அதே வருடம், அதே பத்திரிகையில், ஹோப்ஃப் பெயரைக் குறிப்பிட்டே திருத்தத்தை வெளியிட்டார். பட்டம் கொடுத்து ஐந்து வருடம் ஆகியிருந்தது. யாரும் அதைத் திருப்பிக் கேட்கவில்லை.