கடைசி மானைச் சுட்டவர்தான் காட்டையும் காப்பாற்றினார்! - டெடி ரூஸ்வெல்ட்டின் கதை

உங்க வீட்டில் குழந்தைகள் இருந்தால், எந்த மூலையிலாவது ஒரு டெடி பேர் பொம்மை கிடக்கும். அந்தப் பொம்மைக்குப் பெயர் கொடுத்தவர் யார் தெரியுமா? அமெரிக்காவின் 26-வது ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட். செல்லப்பெயர் டெடி.

1902 நவம்பரில் மிசிசிப்பி காட்டுக்கு வேட்டைக்குப் போனார். ஜனாதிபதி வெறுங்கையோடு திரும்பக்கூடாதே என்று, வழிகாட்டிகள் ஒரு கரடியைப் பிடித்து மரத்தில் கட்டிவைத்தார்கள். கட்டிப்போட்ட விலங்கைச் சுடுவது வேட்டையே இல்லை என்று மறுத்துவிட்டார் மனிதர். ஏற்கெனவே அடிபட்டுத் துடித்த அந்தக் கரடியை, வலியில் இருந்து விடுவிக்க மட்டும் சொன்னார். அது பத்திரிகையில் கார்ட்டூனாக வந்தது, அப்புறம் பொம்மையாகக் கடைக்கு வந்தது.

ஆனா, இவர் வாழ்க்கையைத் திருப்பிப்போட்டது கரடி இல்லைங்க, மான்! அதுவும் நம்ம ஊர்க் கடமானைவிடப் பெரிய, கிளை கிளையாகக் கொம்பு விரியும் எல்க் மான்.

மூச்சு வாங்கிய பையன்

1858-ல் நியூயார்க்கின் பணக்காரக் குடும்பத்தில் பிறந்தவர். சின்ன வயசில் கடுமையான ஆஸ்துமா. ராத்திரியில் மூச்சுவிட முடியாமல் உட்கார்ந்தே இருப்பாராம். வெளியில் ஓடியாட முடியாத பையன், வீட்டுக்குள்ளேயே பறவை, எலி, பூச்சி என்று சேகரித்து ஒரு குட்டி அருங்காட்சியகம் வைத்தார். உடம்பைத் தேற்றுவது உன் கையில்தான் இருக்கிறது என்று அப்பா சொல்ல, உடற்பயிற்சி, குத்துச்சண்டை என்று இறங்கினார். பதின்ம வயதில் கைக்குத் துப்பாக்கியும், கண்ணுக்குக் கண்ணாடியும் வந்தன.

1883-ல், 24 வயதில், காட்டெருமை வேட்டைக்காக டகோட்டா பகுதிக்கு ரயில் ஏறினார். ஒருகாலத்தில் அந்தப் புல்வெளி முழுக்கக் காட்டெருமைகள் திரிந்தன. இவர் போனபோது தோல் வியாபாரிகள் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் முடித்துவிட்டிருந்தார்கள். ஒரே ஒரு காட்டெருமைக்காக மழையிலும் சேற்றிலும் நாள்கணக்கில் அலைந்தார். கடைசியில் கிடைத்தது. சந்தோஷம்தான். ஆனால், அந்த அலைச்சலே ஒரு எச்சரிக்கை மணி.

ஒரே நாளில் இரண்டு சாவு

1884 பிப்ரவரி 14. ஒரே வீட்டில், ஒரே நாளில் அம்மாவும் மனைவியும் இறந்துபோனார்கள். கைக்குழந்தைக்கு இரண்டே நாள் வயசு. நொறுங்கிப்போன ரூஸ்வெல்ட், குழந்தையை அக்காவிடம் ஒப்படைத்துவிட்டு மறுபடியும் டகோட்டாவுக்குப் போனார்.

அங்கே ஆற்றங்கரையில் பண்ணைக்கு இடம் தேடும்போது, இரண்டு எல்க் மண்டை ஓடுகளைப் பார்த்தார். சண்டையில் கொம்போடு கொம்பு சிக்கி, பிரிக்க முடியாமல் இரண்டும் அங்கேயே செத்திருக்கின்றன. அந்த இடத்துக்கு எல்க்ஹார்ன், அதாவது எல்க் கொம்பு என்றே பெயர் வைத்தார்.

பெயரில் மான் இருந்தது, காட்டில் இல்லை. சில வருஷங்களுக்கு முன்புவரை கூட்டம் கூட்டமாகத் திரிந்தவை, தோலுக்கும் கறிக்கும் சுடப்பட்டுத் தீர்ந்துபோயிருந்தன. பண்ணைக்குப் பக்கத்தில் ரூஸ்வெல்ட்டே ஒரு எல்க்கைச் சுட்டார். அந்த வட்டாரத்தில் அதுவே கடைசி மானாக இருக்கலாம் என்று தன் புத்தகத்திலேயே எழுதிவைத்தார். தெரிந்தேதான் சுட்டார். இந்த முரண்பாட்டை மறைத்துவிட்டு அவர் கதையைச் சொல்ல முடியாது.

1886-87 பனிக்காலத்தில் அவர் மாடுகளில் பாதிக்கும் மேல் செத்துப்போனது. பண்ணைக் கனவு முடிந்தது. ஆனா, காட்டுக் கவலை அப்போதுதான் தொடங்கியது.

கோபம் சட்டமானது

1887-ல் ஜார்ஜ் பேர்ட் கிரின்னல் உள்ளிட்ட நண்பர்களோடு பூன் அண்ட் கிராக்கெட் கிளப்பை ஆரம்பித்தார். எல்லோரும் வேட்டைக்காரர்கள். விலங்குக்குத் தப்பிக்க ஒரு வாய்ப்பு வேண்டும், சந்தைக்காகக் கொன்று குவிக்கக்கூடாது என்பது அவர்களின் விதி. யெல்லோஸ்டோன் பூங்காவுக்குள் வேட்டையைத் தடுக்கும் 1894-ம் வருடச் சட்டத்துக்கு இந்த கிளப்பும் மல்லுக்கட்டியது.

இன்னொரு பயமும் அவருக்கு இருந்தது. ஐரோப்பாவைப் போலப் பிரபுக்களும் பணக்காரர்களும் காட்டை வளைத்துப்போட்டால், சாதாரண ஆள் எங்கே போவான்? எனவே காடு அரசாங்கத்திடம், பொதுச் சொத்தாக இருக்கணும் என்று நினைத்தார்.

1901-ல் 42 வயதில் ஜனாதிபதி ஆனதும் அதைச் செய்யத் தொடங்கினார். 5 தேசியப் பூங்காக்கள், 51 பறவைச் சரணாலயங்கள், 150 தேசியக் காடுகள். மொத்தம் சுமார் 23 கோடி ஏக்கர்! 1907-ல் மேற்கு மாநிலங்களில் புதிய காடுகளை அறிவிக்கும் அதிகாரத்தைப் பறிக்க நாடாளுமன்றம் மசோதா கொண்டுவந்தது. கையெழுத்துப் போடுவதற்கு முன்பு, இரவு பகலாக உட்கார்ந்து சுமார் 1.6 கோடி ஏக்கரைக் காடாக அறிவித்துவிட்டுத்தான் பேனாவை எடுத்தார்!

பதவி முடிய இரண்டே நாள் இருந்தபோது, 1909 மார்ச் 2 அன்று வாஷிங்டன் மாநிலத்தின் ஒலிம்பஸ் மலையைப் பாதுகாக்கப்பட்ட இடமாக்கினார். அங்கே இருந்த எல்க் வகைக்கு 1897-லேயே அவர் பெயரைச் சூட்டியிருந்தார்கள். ரூஸ்வெல்ட் எல்க்!

கணக்கில் வராதவர்கள்

இங்கே ஒரு நிமிஷம் நில்லுங்க. பொதுச் சொத்து என்று அறிவிக்கப்பட்ட நிலம் பெரும்பாலும் பழங்குடிகளிடம் இருந்து பறிக்கப்பட்டது. காலியாகக் கிடக்கும் அரசு நிலத்தில் வேட்டையாடலாம் என்று 1868-ல் பன்னாக் மக்களுக்கு ஒப்பந்தம் எழுதிக்கொடுத்தார்கள். அதை நம்பி வயோமிங்கில் எல்க் சுட்டவர் கைதானார். அந்த உரிமை செல்லாது என்று 1896-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பசிக்காகச் சுட்டவன் குற்றவாளி, பொழுதுபோக்குக்குச் சுட்டவர் கனவான். ரூஸ்வெல்ட்டும் பழங்குடிகள் பக்கம் நின்றவர் இல்லை. 1884-ல் அவர் எல்க் வேட்டையாடிய அதே பிக்ஹார்ன் மலையில் க்ரோ பழங்குடியினருக்கு இருக்கும் வேட்டை உரிமை இன்னும் சாகவில்லை என்று உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொள்ள 2019 வரை ஆனது.

இன்றும் தீராத ஆதங்கம்

1919 ஜனவரி 6 அன்று, 60 வயதில், தூக்கத்திலேயே ரூஸ்வெல்ட் இறந்துபோனார். எல்க் பிழைத்துக்கொண்டது. 1900 வாக்கில் ஒரு லட்சத்துக்கும் கீழே போனதாக மதிப்பிடப்படும் எண்ணிக்கை, இன்று சுமார் 10 லட்சம். எல்க்ஹார்ன் பண்ணை இருந்த பகுதி இப்போது அவர் பெயரிலேயே தேசியப் பூங்கா. 1985-ல் அங்கே எல்க் மான்களை மறுபடியும் கொண்டுவந்து விட்டார்கள்.

ஆனா, வேட்டைக்காரர்களின் புலம்பல் ஓயவில்லை. யெல்லோஸ்டோனின் வடக்குக் கூட்டம் 1994-ல் சுமார் 19,000. 2013-ல் 4,000-க்கும் கீழே. சிலர் ஓநாயைத் திட்டுகிறார்கள், ஆராய்ச்சியாளர்கள் கரடி, வேட்டை, வறட்சியையும் சேர்க்கிறார்கள். நிலமோ இன்னும் பெரிய சிக்கல். 19-ம் நூற்றாண்டில் ரயில் கம்பெனிகளுக்குச் சதுரங்கப் பலகை மாதிரி ஒன்றுவிட்டு ஒரு கட்டமாக நிலம் கொடுத்தார்கள். அதனால் இன்றும் பல இடங்களில் பொது நிலத்தைச் சுற்றித் தனியார் வேலி. மான் தாண்டிப் போகும், மனிதன் போனால் வழக்கு!

காடு மிஞ்சினால் போதாது, அங்கே போகும் பாதையும் எல்லோருக்கும் மிஞ்சணும். அந்த எல்லோரில் யாரெல்லாம் உண்டு என்பதில்தான் ரூஸ்வெல்ட் தோற்றார். அடுத்த முறை உங்க குழந்தை டெடி பேரைக் கட்டிப்பிடித்துத் தூங்கும்போது, இந்த இரண்டு பக்கத்தையும் சேர்த்தே கதையாகச் சொல்லுங்க!