சவலைப் பிள்ளையின் கல்லீரலில் கொழுப்பு வந்தது எப்படி? விடை தேடிய டாக்டர் சிசிலி வில்லியம்ஸின் கதை

வயிற்று ஸ்கேன் ரிப்போர்ட்டில் ஃபேட்டி லிவர் என்று ஒரு வரி இருப்பது இப்போது சகஜமாகிவிட்டது. டாக்டரும் சர்க்கரையைக் குறைங்க, எண்ணெயைக் குறைங்க, தினமும் நடங்க என்பார். கல்லீரலில் கொழுப்பு சேர்கிறது என்றாலே அதிகம் சாப்பிடுபவர்கள், குடிப்பவர்கள், உடம்பு பெருத்தவர்கள் என்றுதான் நமக்குத் தோன்றும்.

ஆனால் சுமார் 90 ஆண்டுகளுக்கு முன்பு இதே கொழுப்பு, பால் மறந்த ஏழைக் குழந்தைகளின் கல்லீரலிலும் இருந்தது. கை கால் குச்சியாக இருக்கும், பாதம் வீங்கியிருக்கும், உள்ளே கல்லீரல் மட்டும் கொழுப்பேறிப் பெருத்திருக்கும். இது என்ன நோய் என்று கண்டுபிடித்து உலகத்துக்குச் சொன்னவர் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ்.

ஜமைக்காவில் பிறந்தவர்

1893 டிசம்பர் 2-ல் ஜமைக்காவில் பிறந்தார். அப்பா அங்கே கல்வித் துறை அதிகாரி. 13 வயதில் படிப்புக்காக இங்கிலாந்து போனார். ஆக்ஸ்ஃபோர்டில் இடம் கிடைத்தும், குடும்பத்துக்கு உதவி தேவைப்பட்டதால் ஊர் திரும்ப வேண்டியதாயிற்று. அப்பா இறந்த பிறகு, 23 வயதில்தான் மறுபடி ஆக்ஸ்ஃபோர்டு போய் மருத்துவம் சேர முடிந்தது. அப்போது முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. ஆண்கள் போர்முனைக்குப் போய்விட்டதால் மருத்துவப் படிப்பில் பெண்களுக்கு இடம் கிடைத்த காலம் அது.

1923-ல் டாக்டரானார். போர் முடிந்து ஆண் டாக்டர்கள் திரும்பிவிட்டதால், பெண் டாக்டருக்கு வேலை கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்தது. கடைசியில் 1929-ல் பிரிட்டிஷ் காலனி மருத்துவப் பணியில் சேர்ந்து மேற்கு ஆப்பிரிக்காவின் கோல்டு கோஸ்ட்டுக்கு, அதாவது இன்றைய கானாவுக்குப் போனார்.

தாய்மார்கள் சொன்ன ஒரு சொல்

அங்கே ஒன்று முதல் நான்கு வயதுக் குழந்தைகள் ஒரே மாதிரியான அறிகுறிகளோடு வந்தார்கள். கால், முகம் எல்லாம் வீக்கம். கறுப்பு முடி செம்பட்டையாகியிருக்கும். தோல் கறுத்து உரியும். எந்நேரமும் சிணுங்கல், சாப்பிட மறுப்பு. பெரும்பாலும் சில வாரங்களில் இறந்துபோனார்கள். புழுத் தொல்லை, சிபிலிஸ், பெல்லாக்ரா என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள் டாக்டர்கள்.

சிசிலி வில்லியம்ஸ் செய்தது எளிமையான காரியம். உள்ளூர்ப் பெண்களிடம் இதற்கு என்ன பெயர் என்று கேட்டார். கா மொழியில் க்வாஷியோர்கர் என்றார்கள். அடுத்த பிள்ளை வந்ததும் மூத்த பிள்ளைக்கு வரும் நோய் என்று பொருள்.

தமிழ்நாட்டுப் பாட்டிகளுக்கு இந்தச் சொல்லை விளக்கவே வேண்டாம். நம்மிடமும் ஒரு சொல் இருக்கிறது: சவலை. அம்மா அடுத்து உண்டானதும் பால்குடி மறக்கடிக்கப்பட்டு, நோஞ்சானாகிப் போகும் பிள்ளைதான் சவலைப் பிள்ளை. சவலை என்றால் நம் மனதில் வருவது மெலிவு, க்வாஷியோர்கரில் கண்ணுக்குத் தெரிவது வீக்கம். ஆனால் காரணத்தை இரண்டு மொழித் தாய்மார்களும் ஒரே இடத்தில்தான் கண்டுபிடித்திருந்தார்கள்.

அந்தப் பெயரிலேயே நோயின் காரணம் இருப்பது சிசிலிக்குப் புரிந்தது. தாய்ப்பால் நின்றதும் குழந்தைக்குக் கிடைத்தது மக்காச்சோளக் கஞ்சி. வயிறு நிறையும், மாவுச்சத்து கிடைக்கும். ஆனால் வளரும் உடம்புக்குத் தேவையான புரதம் அதில் போதாது.

கல்லீரலில் ஏன் கொழுப்பு?

இறந்த குழந்தைகளின் உடல்களை அவரே பிரேதப் பரிசோதனை செய்தார். ஒருமுறை அப்போது பட்ட வெட்டுக் காயத்தில் கிருமி தொற்றி, அவர் உயிர் பிழைத்ததே பெரிய விஷயம். பரிசோதனையில் திரும்பத் திரும்பத் தெரிந்தது கொழுப்பேறிய கல்லீரல்.

கல்லீரல் ஒரு கிடங்கு மாதிரி. வந்து சேரும் கொழுப்பை, புரதத்தோடு சேர்த்துப் பொட்டலம் கட்டித்தான் ரத்தத்தில் வெளியே அனுப்பும். புரதம் இல்லையென்றால் பொட்டலம் கட்ட முடியாது. சரக்கு உள்ளேயே தேங்கிவிடும். ரத்தத்தில் நீரைப் பிடித்து வைக்கும் அல்புமின் என்ற புரதத்தையும் கல்லீரல்தான் தயாரிக்கிறது. அது குறையும்போது நீர் கசிந்து காலும் முகமும் வீங்கும். வீக்கத்தைப் பார்த்து, பிள்ளை கொழுகொழுன்னு இருக்கு என்று ஏமாந்துபோவதும் உண்டு.

புரதக் குறைவு மட்டுமே முழுக் காரணம் அல்ல என்று பிற்கால ஆய்வுகள் சொல்கின்றன. தொற்றுநோய்களுக்கும் இதில் பங்கு உண்டு. ஆனாலும் பட்டினியிலும் கல்லீரலில் கொழுப்பு சேரும் என்ற அடிப்படை இன்றும் மாறவில்லை.

1933-ல் தன் கண்டுபிடிப்பை மருத்துவ இதழில் எழுதினார். இது பெல்லாக்ராதான், புதிதாக ஒன்றுமில்லை என்று அந்த நோயில் நிபுணரான ஒரு மூத்த டாக்டர் மறுத்தார். சிசிலி விடவில்லை. 1935-ல் லான்செட் இதழில் மறுபடி எழுதினார். இந்த முறை தாய்மார்கள் சொன்ன பெயரையே நோய்க்கும் வைத்தார். மேலதிகாரிகளோடு அவருக்கு ஒத்துப்போகவில்லை. 1936-ல் மலாயாவுக்கு மாற்றிவிட்டார்கள்.

மலாயாவில் புட்டிப்பால்

லட்சக்கணக்கான தமிழர்கள் ரப்பர் தோட்டங்களில் உழைத்துக்கொண்டிருந்த மலாயா அது. சிங்கப்பூர் மருத்துவமனையில் அவர் பார்த்தது வேறு கொடுமை. நர்ஸ் உடுப்பு போட்ட பெண்களை வீடு வீடாக அனுப்பி, டப்பாவில் அடைத்த இனிப்புப் பாலைத் தாய்ப்பாலைவிட நல்லது என்று விற்றுக்கொண்டிருந்தார்கள். அதை நம்பித் தாய்ப்பாலை நிறுத்திய வீடுகளில் குழந்தைகள் வயிற்றுப்போக்கிலும் சத்துக்குறைவிலும் செத்தன. 1939-ல் சிங்கப்பூர் ரோட்டரி கிளப்பில் பேசிய சிசிலி, அந்த உரைக்குப் பாலும் கொலையும் என்றே தலைப்பு வைத்தார். இந்தச் சாவுகளைக் கொலையாகத்தான் பார்க்க வேண்டும் என்பது அவர் வாதம்.

1942-ல் சிங்கப்பூர் ஜப்பானியர் வசம் போனது. சிசிலி சாங்கி சிறையில் அடைக்கப்பட்டார். பெண்கள் முகாமுக்குத் தலைவியாக இருந்தவரை, ஜப்பானிய ராணுவப் போலீஸ் பிடித்துப்போய் மாதக்கணக்கில் விசாரணை அறையில் வைத்திருந்தது. போர் முடிந்தபோது பெரிபெரி நோயோடு ஆஸ்பத்திரியில் கிடந்தார். அப்படிப்பட்ட சிறையில் பிறந்த 20 குழந்தைகளும் தாய்ப்பாலிலேயே வளர்ந்து பிழைத்ததைப் பிற்பாடு பெருமையோடு எடுத்துச் சொல்வார். சாங்கியிலேயே முடிந்த காரியம் வேறெங்கும் ஏன் முடியாது என்பது அவர் கேள்வி.

1948-ல் உலக சுகாதார நிறுவனத்தின் தாய் சேய் நலப் பிரிவுக்கு முதல் தலைவரானார். 1952-ல் ஐ.நா. அமைப்புகளின் ஆய்வறிக்கை ஒன்று, மருத்துவ உலகம் அறிந்த ஊட்டச்சத்து நோய்களிலேயே மிகக் கடுமையானதும் மிகப் பரவலானதும் க்வாஷியோர்கர்தான் என்றது. ஒரு காலத்தில் ஏற்க மறுக்கப்பட்ட பெயர், இப்படி உலகம் முழுக்கப் பாடப்புத்தகத்தில் ஏறியது.

குன்னூர் வரை வந்த ஆய்வு

தமிழ்நாட்டிலும் இந்த நோய் இருந்தது. நீலகிரியின் குன்னூரில் அப்போது இயங்கிய ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தில், சேலத்தில் பிறந்த டாக்டர் சி.கோபாலன் 1950-களில் இதை ஆராய்ந்தார். பால் வாங்க முடியாத வீட்டுப் பிள்ளைகளைப் பருப்பு வகைப் புரதம் கொடுத்துத் தேற்ற முடியுமா என்பதும் அங்கே நடந்த ஆய்வுகளில் ஒன்று. அந்த ஆய்வுக்கூடம்தான் பின்னர் ஹைதராபாத்துக்கு மாறி, தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது. ஒரே மாதிரி சாப்பாடு சாப்பிட்டும் சில குழந்தைகள் வீங்குவதையும் சில குழந்தைகள் வற்றிப்போவதையும் பிற்பாடு சுட்டிக்காட்டியவரும் கோபாலன்தான்.

இன்று அங்கன்வாடியில் சத்துமாவு தருகிறார்கள், மதியச் சாப்பாட்டில் முட்டை வைக்கிறார்கள், பிள்ளையைத் தராசில் ஏற்றி எடை பார்க்கிறார்கள். கொடைக்கானல் மேல்மலைக் கிராமமானாலும் பழனி அடிவாரமானாலும் இதுதான் நடைமுறை. பால் மறந்த பிள்ளைக்குக் கஞ்சி மட்டும் போதாது, கூடப் பருப்பும் முட்டையும் வேண்டும் என்ற பாடம்தான் இதற்கெல்லாம் அடிப்படை.

சிசிலி வில்லியம்ஸ் 1992 ஜூலை 13-ல் ஆக்ஸ்ஃபோர்டில் 98 வயதில் காலமானார். அடுத்த மாதமே, ஆகஸ்ட் முதல் வாரத்தில், உலகத் தாய்ப்பால் வாரம் முதன்முறையாகக் கொண்டாடப்பட்டது.

அடுத்த பிள்ளை உண்டான வீட்டில் மூத்தது சாப்பிட மறுத்துச் சிணுங்கிக்கொண்டே இருந்தால், பாதத்தை விரலால் அழுத்திப் பாருங்கள். குழி விழுந்து அப்படியே நின்றால் அது கொழுகொழுப்பு அல்ல, வீக்கம். அன்றைக்கே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.